ஏழாம் தேதி கவர்

ரெண்டு வாரம் முன்னாடி அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட். பில் போடற பொண்ணு தலை நிமிராமலே "கேஷா, கார்டா, ஜிபேவா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு முன்னால நின்ன எங்கம்மா "ரூபா"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு சுருக்குப்பையை அவிழ்த்தாங்க. "சில்லறை இல்லைம்மா, அந்த ஏழு ரூபாயை மட்டும் ஜிபே பண்ணிடுங்களேன்"னுச்சு அந்தப் பொண்ணு. அம்மா திரும்பி என்னைப் பார்த்துட்டு, "ரூபா என்னுது. போனு இவனுது. நான் எதுக்கு இவனைக் கேக்கணும்?"னாங்க. அந்தப் பொண்ணு சிரிச்சுடுச்சு. எனக்குத்தான் சிரிப்பு வரலை.

ஏன்னா அந்த ஒரு வரிக்குப் பின்னாடி எங்க வீட்டோட நாப்பது அம்பது வருஷ வரலாறு இருக்கு. எங்க வீட்டோடது மட்டுமில்லை, பாடியில ஆரம்பிச்சு ஆவடி வரைக்கும் கம்பெனிச் சம்பளத்துல வாழ்ந்த எல்லா வீட்டோடதும். கேஷா கார்டாங்கறதைப் பத்தி எழுதறவங்க எல்லாம் எது வசதி, எதுல ஆஃபர்னு எழுதறாங்க. என் கேள்வி வேற. இந்தப் பக்கத்துல யாரு எப்போ அதைத் தேர்ந்தெடுத்தாங்க? கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுட்டேன், பொறுத்துக்கோங்க மக்களே.

எங்கப்பா 1969ல அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு சின்னக் கம்பெனியில சேர்ந்தார். எஸ்டேட் ஆரம்பிச்சதே 1964லதான். அதுக்கு முன்னாடியே டிஐ சைக்கிள்ஸ், டன்லப் எல்லாம் இங்க வந்தாச்சு. பாடியில டிவிஎஸ் லூகாஸ், ஆவடியில டாங்கி ஃபாக்டரி. பட்டரவாக்கம் ஸ்டேஷன்ல காலையில ரயில் வந்து நின்னா டிபன் பாக்ஸ் சத்தம் மட்டும்தான் கேக்கும்.

அந்தக் காலத்துல எங்க பேச்சுல கம்பெனிகள் ரெண்டே ஜாதி. ஏழாம் தேதி கம்பெனி, பத்தாம் தேதி கம்பெனி. பொண்ணு குடுக்கறவங்ககூட அப்படித்தான் விசாரிப்பாங்க. சின்ன வயசுல இது ஏதோ வழக்கம்னு நினைச்சுட்டு இருந்தேன். ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சது, அது சட்டம். 1936ஆம் வருஷ சம்பளப் பட்டுவாடாச் சட்டத்துல ஆயிரம் பேருக்குக் கீழ வேலை செய்யற இடத்துல ஏழாம் தேதிக்குள்ள, அதுக்கு மேல உள்ள இடத்துல பத்தாம் தேதிக்குள்ள சம்பளம் போட்டாகணும்னு எழுதி வெச்சிருந்தாங்க. அப்பா கம்பெனியில முந்நூத்திச் சொச்சம் பேர். ஆக நாங்க ஏழாம் தேதி ஜாதி. (சர்க்கார் உத்தியோகக்காரங்க கதை தனி. 1955ல 'முதல் தேதி'ன்னே சிவாஜி படம் ஒண்ணு வந்துச்சு. அதே வருஷம்தான் ஆவடியில காங்கிரஸ் மாநாடு நடந்து சோஷலிச பாணி சமுதாயம்னு தீர்மானம் போட்டாங்க. இம்பீரியல் பேங்க் ஸ்டேட் பேங்க் ஆனதும் அதே வருஷம் ஜூலையில. ஒரே வருஷத்துல எத்தனை!)

இதே சட்டத்துல இன்னொரு பிரிவு இருந்துச்சு. அதுதான் என் பதிவுக்கே ஆதாரம். சம்பளத்தைப் புழக்கத்துல உள்ள நாணயமாவோ நோட்டாவோதான் குடுக்கணும். வேற எதுவாவும் குடுக்கக் கூடாது. ஆக, ஒரு தொழிலாளி வீட்டுல எல்லாச் செலவும் ரொக்கத்துல நடந்ததுக்குக் காரணம் அவங்களுக்கு பேங்க் தெரியாததுன்னு நினைக்காதீங்க. ரொக்கமாத்தான் குடுக்கணும்னு சர்க்காரே கட்டாயப்படுத்தியிருந்துச்சு.

எதுக்குக் கட்டாயம்? அந்த மூலம் இங்கிலாந்துல இருக்கு. அங்க 1831ல டிரக் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. (லாரி இல்லீங்க. பண்டமாத்துங்கற மாதிரி அர்த்தம்.) சுரங்க முதலாளிகளும் மில் முதலாளிகளும் கூலிக்குப் பதிலா டோக்கனோ சாமானோ குடுத்து, அதையும் தங்களோட கடையிலயே வாங்க வெச்சு, டபுள் லாபம் பார்த்துட்டு இருந்தாங்க. அதை நிறுத்தறதுக்குத்தான் காசா குடுன்னு சட்டம். அவ்வளவு தூரம் போக வேணாம், நம்ம ஜனங்க கதையே இருக்கு. கங்காணிங்க பேச்சை நம்பி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவங்களுக்கு 'துண்டு'ன்னு ஒரு சீட்டு உண்டு. இந்த ஆளுங்க பேர்ல இவ்வளவு கடன் நிக்குது, அதைக் கட்டினா இவங்களை விடுவிக்கிறோம்னு தோட்டத்துக்காரர் எழுதித் தர்ற காகிதம். அந்தக் காகிதம் இல்லாம வேற தோட்டத்துல வேலை கிடையாது. 1921லதான் அதைச் சட்டம் போட்டு ஒழிச்சாங்க. கையில காசைப் பார்க்காம கணக்குல மட்டும் வாழ்ந்தா என்ன ஆகும்னு தமிழனுக்கு யாரும் புதுசா சொல்லித் தர வேணாம்.

சரி, ஏழாம் தேதிக்கு வருவோம்.

அப்பா சொல்லிக் கேட்டது. அஞ்சாம் தேதியே டைம் ஆபீஸ்ல வேலை ஆரம்பிச்சுடும். ஒவ்வொருத்தருக்கும் எத்தனை நூறு, எத்தனை அம்பது, எத்தனை பத்து, எத்தனை அஞ்சு பைசான்னு பிரிச்சு, முந்நூறு பேருக்கும் கூட்டி, மொத்தத்துல இத்தனை நூறு நோட்டு இத்தனை பத்து நோட்டுன்னு பேங்குக்குச் சீட்டு போகணும். அதுல ஒரு அஞ்சு ரூபா நோட்டு குறைஞ்சாலும் யாரோ ஒருத்தர் கவர் ரொம்பாது. கால்குலேட்டர் கிடையாது. அந்தக் கணக்கு போட்டவருக்குக் கம்பெனியில எஞ்சினியரை விட மரியாதை ஜாஸ்தின்னு அப்பா சொல்வார். ஆறாம் தேதி பணம் வரும், ராத்திரி கவர் போடுவாங்க. ஏழாம் தேதி சாயங்காலம் ஷிப்டு முடிஞ்சு வரிசை. பழுப்பு கலர் கவர். மேல பேரு, டோக்கன் நம்பர். கீழ கட்டம் கட்டமா பேசிக், பஞ்சப்படி, ஓவர்டைம், பிடித்தம்ல பிஎஃப், இஎஸ்ஐ, கேன்டீன், அட்வான்ஸ். கடைசியில கைக்கு வர்றது.

கேட்டுக்கு வெளிய இன்னொரு கூட்டம் காத்துட்டு இருக்கும். துணித் தவணைக்காரர், சங்கத்துக்குச் சந்தா வாங்கறவர், கடலை வண்டி, வட்டிக்கு விட்டவர். சில வீட்டு அம்மாமார்கள் குழந்தையை இடுப்புல வெச்சுட்டு நிப்பாங்க. எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். 1971ல மதுவிலக்கைத் தளர்த்தினதுக்கு அப்புறம் ஏழாம் தேதிக்குக் கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல இன்னொரு ஸ்டாப்பிங் முளைச்சிருந்துச்சு.

எங்கப்பாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கவரைக் கொண்டு வந்து அம்மா கையில குடுப்பார். அம்மா அதை சாமி படத்துக்கு முன்னால வெச்சு எடுத்துட்டு, கட்டத்தை ஒவ்வொண்ணா படிப்பாங்க. அஞ்சாங்கிளாஸ் படிப்புதான், ஆனா ஓவர்டைம் கட்டம் எங்க இருக்குன்னு கண்ணை மூடிட்டுச் சொல்வாங்க. நாலு நாள் ராத்திரி லேட்டா வந்தீங்களே, ரெண்டு நாளைக்குத்தானே போட்டிருக்கான்னு கேட்டா அப்பா முழிப்பார்! அப்புறம் தரையில உக்காந்து பிரிப்பாங்க. பிஸ்கட் டின் ஒண்ணு, ஹார்லிக்ஸ் பாட்டில் ரெண்டு, எவர்சில்வர் டப்பா ரெண்டு. வாடகை, பால், அண்ணாச்சி கடை, சீட்டு, ஸ்கூல். எல்லாம் பிரிச்சு முடிஞ்சதும் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ எங்கயோ காணாமப் போகும். அது சிறுவாடு. எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், அம்மாவுக்கு எங்களுக்குத் தெரியும்னு தெரியும். யாரும் பேச மாட்டோம். எனக்கு டைபாய்டு வந்தப்போ, அக்காவுக்குத் தோடு போட்டப்போ, அது அரிசிப் பானை அடியிலேர்ந்து வந்துச்சு.

இப்போ 'கார்டு'க்கு வர்றேன். எங்க பக்கத்துல கார்டுங்கற வார்த்தை பேங்க் கார்டு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு. முதல் கார்டு ரேஷன் கார்டு. "கார்டு இருக்கா?"ன்னா அதுதான். ரெண்டாவது, கம்பெனியில மெஷின்ல சொருகி நேரம் குத்தற பஞ்ச் கார்டு. மூணாவது தண்டல் கார்டு.

இந்தத் தண்டல் கார்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். எங்க அத்தை பூந்தமல்லியில பூ வியாபாரம் பண்ணவங்க. ஆயிரம் ரூபா தண்டல்னா கையில தொள்ளாயிரம்தான் வரும். தினம் பத்து ரூபா, நூறு நாள். ஒரு அட்டையில நூறு கட்டம் போட்டிருக்கும். சாயங்காலம் சைக்கிள்ல வர்றவர் பத்து ரூபாயை வாங்கிட்டுக் கட்டத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போவார். மழை பெஞ்சு பூ விக்கலைன்னாலும் கட்டம் காத்திருக்காது. நூறு ரூபாதானே வட்டின்னு தோணும். ஆனா தினமும் அசல் குறைஞ்சுட்டே வருதே, அதைக் கணக்குல எடுத்துப் போட்டா வருஷத்துக்கு எம்பது சதவீதம் பக்கம் வருது. இன்னைக்கு கிரெடிட் கார்டுல பாக்கி வெச்சா மாசம் மூணரை சதவீதம் தீட்டறான்னு அலர்றோமே, அது வருஷத்துக்கு நாப்பத்திரெண்டுதான். ஏழைக்கு வந்த முதல் கிரெடிட் கார்டு இந்தத் தண்டல் அட்டைதான்னு நான் சொல்வேன். 2003ல தமிழ்நாடு அரசு கொண்டு வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்துல தினவட்டி, மணிவட்டி, மீட்டர் வட்டியோட தண்டலும் பேரோட இருக்கு. பேரோட இருந்தும் சைக்கிள் பைக்கா மாறினதுதான் மிச்சம்.

நாலாவது கார்டுதான் பேங்க் கார்டு. 1980ல சென்ட்ரல் பேங்க் கிரெடிட் கார்டு விட்டுச்சு. 1987ல பம்பாயில முதல் ஏடிஎம் வந்துச்சு. இதெல்லாம் எங்களுக்கு வெளிநாட்டுச் செய்தி மாதிரி. ஆனா சட்டம் அதுக்கு முன்னாடியே கதவைத் திறந்து வெச்சிருந்துச்சு. 1976ல அந்த 1936 சட்டத்துல ஒரு திருத்தம். தொழிலாளி எழுத்துல சம்மதம் குடுத்தா சம்பளத்தை செக்காவோ பேங்க் கணக்குலயோ போடலாம். அப்படியும் எங்க பக்கத்துல ரொம்ப நாள் யாரும் சீண்டலை. காரணம் சிம்பிள். பேங்க் பத்து மணிக்குத் திறந்து ரெண்டு மணிக்கு கவுன்டரை மூடும். எட்டு மணிக்குப் பஞ்ச் குத்தினவன் நாலரைக்குத்தான் வெளிய வருவான். தன் சம்பளத்தைத் தானே எடுக்க அரை நாள் லீவு போடணும். 1969ல பதினாலு பேங்கை நாட்டுடைமை ஆக்கினாங்க, நம்ம இந்தியன் பேங்க், ஐஓபி உட்பட. கிளை நிறைய வந்துச்சு. ஆனா ரெண்டு மணி ரெண்டு மணிதான். அந்தப் பூட்டை உடைச்சது ஏடிஎம். ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வந்தாலும் காசு எடுக்கலாம்னு ஆன பிறகுதான் கம்பெனிகள் சம்மதப் படிவத்தைத் தூக்கிட்டு வந்தாங்க.

அப்பா கம்பெனியில அந்தப் படிவம் வந்தது 1999ல. கவர் போடற வேலை மிச்சம், பணம் கொண்டு வர்ற ஆபத்து மிச்சம், கம்பெனிக்கு லாபம். தொழிலாளிக்கும் ஒண்ணு ரெண்டு நன்மை உண்டு, இல்லைன்னு சொல்லலை. கேட்டுல நிக்கற வட்டிக்காரர் கையிலேர்ந்து தப்பிக்கலாம். இவ்வளவுதான் குடுத்தேன்னு யாரும் பொய்க் கையெழுத்து வாங்க முடியாது. இருந்தும் வயசானவங்க கொஞ்ச பேர் கையெழுத்துப் போட மறுத்தாங்க. அப்பா போட்டுட்டார். வீட்டுல கேக்கலை. கேக்கணும்னு அவருக்குத் தோணவே இல்லை, படிவத்துலயும் அதுக்குக் கட்டம் இல்லை.

அந்த மாசம் ஏழாம் தேதி அப்பா வெறுங்கையோட வந்தார். அம்மா "கவர் எங்க?"ன்னாங்க. அப்பா சட்டைப் பையிலேர்ந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்துக் காட்டினார். அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இதுல எத்தனை ரூபா இருக்குன்னு எங்க எழுதியிருக்கு?"ன்னு கேட்டாங்க. நான் சிரிச்சேன். இப்போ நினைச்சா வெக்கமா இருக்கு.

அப்புறம் நடந்தது இதுதான். அப்பா கெட்டவர் இல்லை. தேவைப்படறப்போ எடுத்துக்கலாமே, எதுக்கு மொத்தமா வீட்டுல வெக்கணும், திருட்டு பயம்னு நியாயமாத்தான் சொன்னார். அஞ்நூறு அஞ்நூறா எடுத்துட்டு வருவார். ஆனா மொத்தமா வராத பணத்தை டப்பாவுல பிரிக்க முடியாது. பிரிக்காத பணத்துல சிறுவாடு எடுக்க முடியாது. பால்காரருக்கு வேணும்னு கேட்டா நாளைக்கு எடுத்துத் தர்றேன்பார். முப்பது வருஷமா யாரையும் கேக்காம வீடு நடத்தினவங்க, பாலுக்குக் கேட்டு வாங்க ஆரம்பிச்சாங்க. ஹார்லிக்ஸ் பாட்டில்ல துவரம்பருப்பு வந்து உக்காந்துச்சு. கவரோட சேர்ந்து அந்தக் கட்டம் போட்ட கணக்கும் போச்சு. ஓவர்டைம் எவ்வளவுன்னு அம்மாவுக்குத் தெரியாது. கேட்டா அப்பாவுக்கே சரியாத் தெரியாது!

மூணு நாலு மாசம் பொறுத்துட்டு அம்மா ஒரு காரியம் பண்ணாங்க. ஏழாம் தேதி சாயங்காலம் நல்ல புடவை கட்டிட்டு வாசல்ல நின்னுட்டாங்க. "வாங்க, நானும் வர்றேன்." ஏடிஎம் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனாங்க. (அந்தக் குளிரும் கண்ணாடிக் கதவும் பார்த்துப் பல பேர் அப்போ கழட்டினாங்க.) மெஷின் துப்பின சீட்டை அப்பா கசக்கறதுக்குள்ள வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் மாசா மாசம் அந்தச் சீட்டுதான் கவர். வீட்டுல ஒரு ஆணியில குத்தி வெச்சிருப்பாங்க. அந்த மை சீக்கிரம் மங்கிடும், பழுப்புக் கவர்ல இருந்த கையெழுத்து மங்கவே இல்லைன்னு ஒரு குறை.

எங்க வீட்டுல இதோட தீர்ந்துச்சு. எல்லா வீட்டுலயும் தீரலை. கேட்டுல நின்ன வட்டிக்காரர் சும்மா போய்டுவார்னு நினைச்சீங்களா? சம்பளம் பேங்குல விழுதா, அப்போ கார்டையே குடுன்னுட்டாங்க. ஏடிஎம் கார்டையும் ரகசிய நம்பரையும் அடகு வாங்கி வெச்சுட்டு, சம்பளம் விழுந்த அன்னைக்கே அவங்களே எடுத்துட்டு மிச்சத்தைக் கையில குடுக்கறது. துப்புரவுப் பணியாளர்கள் இப்படி மாட்டிக்கிட்டு இருக்கறதைப் பத்திப் பேப்பர்ல பல தடவை வந்திருக்கு. எங்க தெருவுலயே ஒப்பந்தத்துல பெருக்கற வேலை பார்த்த ஒரு அம்மாவோட கார்டை ரெண்டு வருஷமா அவங்களே பார்த்ததில்லை. வட்டிக்காரர்கிட்டேயிருந்து காப்பாத்தும்னு சொன்ன அட்டை, வட்டிக்காரர் பர்ஸுக்குள்ளயே போய் உக்காந்துச்சு. துண்டுச் சீட்டு ஞாபகம் வருதா உங்களுக்கு?

கடைக்காரர் பக்கத்தையும் சொல்லிடறேன். எங்க வெங்கடாபுரத்து அண்ணாச்சி கடையில ரொக்கமும் இல்லை, கார்டும் இல்லை. நீளமான நோட்டுதான். மாசம் பூரா எழுதிக்கறது, ஏழாம் தேதி ராத்திரி தீர்க்கறது. கார்டு தேய்க்கற மெஷின் வெக்கச் சொல்லி அவர்கிட்ட ஒரு பையன் வந்தான். நூத்துக்கு ஒரு ரூபா ரெண்டு ரூபா பிடிப்போம்னான். "தம்பி, சர்க்கரையில எனக்கு நிக்கறதே அதுதான்"னு அனுப்பிட்டார். டெபிட் கார்டுக்கு ரெண்டாயிரம் ரூபா வரைக்கும் முக்கால் சதவீதம்தான் பிடிக்கலாம், அதுக்கு மேல ஒரு சதவீதம்னு ரிசர்வ் பேங்க் உச்சவரம்பு போட்டதே 2012லதான். அதுக்குள்ள அவர் முடிவு பண்ணிட்டார்.

இப்படியே போயிட்டு இருந்தப்போதான் 2016 நவம்பர் 8 ராத்திரி எட்டு மணி.

அஞ்நூறும் ஆயிரமும் செல்லாதுன்னு பிரதமர் டிவியில சொல்றார். நான், அப்பா, அம்மா, என் மனைவி எல்லாரும் பார்க்கறோம். நாட்டுல புழங்கின பணத்துல மதிப்புல 86 சதவீதம் அந்த ரெண்டு நோட்டுதான். அப்பா, "நம்மகிட்ட என்ன இருக்கு, எல்லாம் பேங்குலதானே"ன்னு நிம்மதியா சாப்பிட உக்காந்தார். அம்மா சாப்பிடலை. பத்து மணிக்கு மேல என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, பழைய பட்டுப்புடவை மடிப்புலேர்ந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாங்க. நாப்பத்தியேழு அஞ்நூறு ரூபா நோட்டு. ஏடிஎம் வந்த பிறகும் விடாம சேர்த்தது. பத்தும் இருபதுமா சேர்த்து, எலி கடிச்சுடும்னு பால்காரர்கிட்ட குடுத்து அஞ்நூறா மாத்தினது. "அப்பாகிட்ட சொல்லாம மாத்தித் தர முடியுமா?"ன்னாங்க. குரல் நடுங்குச்சு. ஏதோ திருடிட்டு வந்த மாதிரி.

முடியலை. கவுன்டர்ல மாத்தறதுக்கு முதல்ல நாலாயிரம்தான். அப்புறம் நாலாயிரத்து அஞ்நூறு, அப்புறம் ரெண்டாயிரம், விரல்ல மை வேற. நவம்பர் 24ஓட அதையும் நிறுத்தினாங்க. மிச்சத்தை டிசம்பர் 30க்குள்ள கணக்குலதான் போடணும். அம்மாவுக்குன்னு கணக்கே இல்லை. அப்பா கணக்குல போட்டா சிறுவாடு எங்க இருக்கு? வீட்டுப் பெண்கள் ரெண்டரை லட்சம் வரைக்கும் கட்டினா கேள்வி கேக்க மாட்டோம்னு அரசாங்கம் அறிவிச்சுச்சு. வருமான வரி ஆபீஸ் கேள்வி கேக்காது சரி, வீட்டுல கேப்பாங்களே! கடைசியில சொல்லியாச்சு. அப்பா ஒண்ணும் திட்டலை. "இவ்வளவா?"ன்னு மட்டும் கேட்டார். அது திட்டறதை விட மோசம்னு அம்மா இன்னைக்கும் சொல்வாங்க. நானும் அம்மாவும் மூணு நாள் வரிசையில நின்னு அவங்க பேர்ல கணக்கு திறந்து, 23,500 ரூபா போட்டோம். வரிசை பூரா அம்மா வயசுப் பெண்கள். ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு முடிச்சு. கறுப்புப் பணத்தைப் பிடிக்க வீசின வலையில அந்தச் சாயங்காலம் நான் பார்த்தது பூராவும் சிறுவாடுதான். செல்லாதுன்னு அறிவிச்ச 15.41 லட்சம் கோடியில 15.31 லட்சம் கோடி திரும்பி வந்துடுச்சுன்னு 2018 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்கே சொல்லுச்சு. அதுல எத்தனை புடவை மடிப்புலேர்ந்து வந்ததுன்னு எந்த அட்டவணையிலயும் இல்லை.

அதுக்கு நடுவுல டிசம்பர் 12, வர்தா புயல். சென்னைக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆவடி, அம்பத்தூர் பூராவும் மரம், கம்பம் எல்லாம் சாஞ்சு பல நாள் கரண்ட் இல்லை, டவர் இல்லை. ஏடிஎம் இருட்டு. கார்டு எடுக்கற கடையில மெஷின் செத்துப் போச்சு. என் கையில இருந்தது ஒரே ஒரு ரோஸ் கலர் ரெண்டாயிரம் ரூபா நோட்டு. அதுக்கு யாருகிட்டயும் சில்லறை இல்லை. கையில காசும் இருக்கு, கார்டும் இருக்கு, பால் வாங்க வழியில்லை. அப்போ அண்ணாச்சி கடையில ஒரு மெழுகுவத்தி எரிஞ்சுட்டு இருந்துச்சு. அம்மாவைப் பார்த்ததும், "என்னக்கா வேணும், எடுத்துட்டுப் போங்க, எழுதிக்கறேன்"னார். அந்த நீள நோட்டைத் தூசி தட்டி எடுத்தார். பல வருஷம் கழிச்சு எங்க பேரு அதுல மறுபடியும் ஏறுச்சு.

அந்த டிசம்பர் 28ஆம் தேதி ஒரு அவசரச் சட்டம் வந்துச்சு. பெருசா யாரும் கவனிக்கலை. சம்பளத்தை பேங்குல போட இனிமே தொழிலாளியோட எழுத்துச் சம்மதம் தேவையில்லை. 2017 பிப்ரவரியில நாடாளுமன்றத்துலயும் நிறைவேறுச்சு. அப்பா 1999ல போட்டாரே ஒரு கையெழுத்து, சிலர் போட மாட்டேன்னாங்களே, அந்தக் கையெழுத்துக்கே வேலை இல்லாமப் போச்சு. 2019ல வந்த ஊதியத் தொகுப்புச் சட்டத்துல நாணயம், நோட்டு, செக், பேங்க் கணக்கு, மின்னணு முறை எல்லாத்தையும் ஒரே வரியில எழுதிட்டாங்க. அதுல பத்தாம் தேதி காணாமப் போச்சு. மாசச் சம்பளக்காரங்க எல்லாருமே ஏழாம் தேதி ஜாதிதான். கேக்கறதுக்கு அப்பா இல்லை, அந்த வருஷம் மார்ச்ல போய்ட்டார்.

இப்போ அண்ணாச்சி மகன் கடையில க்யூஆர் அட்டை தொங்குது. பிடித்தம் இல்லைன்னு ஆனதும் மாட்டிட்டான். 2020 ஜனவரியிலேர்ந்து யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரர்கிட்ட கட்டணம் வாங்கக் கூடாதுன்னு ஆச்சே, அதுதான். அவங்கப்பா மறுத்த மெஷின் அந்தக் கடைக்குள்ள வரவே இல்லை. எங்க பக்கத்துல பாதிக் கடைங்க கார்டுங்கற படியையே மிதிக்காம ரொக்கத்துலேர்ந்து போனுக்குத் தாவிடுச்சு. ஆனா ரொக்கம் செத்துடுச்சுன்னு நினைக்காதீங்க. 2016 நவம்பர்ல சுமார் 18 லட்சம் கோடியா இருந்த புழக்கப் பணம், 2022 மார்ச்ல 31 லட்சம் கோடியைத் தொட்டுடுச்சு. புடவை மடிப்புங்க மறுபடியும் ரொம்பிட்டு இருக்குன்னுதான் எனக்குத் தோணுது, ஹி ஹி. (2023 மே மாசம் ரெண்டாயிரம் ரூபா நோட்டைத் திரும்ப வாங்கறோம்னதும், அம்மா கிட்டேயிருந்து ஒரு ரோஸ் நோட்டு வெளிய வந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. இந்தத் தடவை முகத்துல கலவரம் இல்லை. "போய் மாத்திட்டு வா, எல்லாம் நூறா வாங்கு"ன்னாங்க.)

அப்பாவோட பிஎஃப் பென்ஷன்ல பாதி இப்போ அம்மா கணக்குல விழுது. சின்னத் தொகைதான். கார்டும் குடுத்திருக்காங்க, பீரோவுல பத்திரமா இருக்கு. பணம் மாசம் பிறக்கும்போதே வந்துடும், எனக்கு மெசேஜும் வரும். அம்மா அவசரப்பட மாட்டாங்க. ஏழாம் தேதிதான் பேங்குக்குக் கிளம்புவாங்க. ஏடிஎம்ல அஞ்நூறா வருதுன்னு, வரிசையில நின்னு சீட்டு எழுதிக் குடுத்து நூறும் அம்பதும் பத்துமா கேட்டு வாங்குவாங்க. வீட்டுக்கு வந்து அதைப் பழைய பழுப்புக் கவர் ஒண்ணுல போட்டு சாமி படத்துக்கு முன்னால வெப்பாங்க. அப்பாவோட டோக்கன் நம்பர் அதுல இன்னும் படிக்கற மாதிரி இருக்கு. அப்புறம் தரையில உக்காந்து பிரிக்க ஆரம்பிப்பாங்க. அந்த நேரத்துல நான் சமையல்கட்டுப் பக்கம் போறதில்லை.